மாட்டுக்கும் பொருத்தம் பாருங்க சாமி!

டிஸ்கி: நான் கால்நடை டாக்டர் இல்லைங்க. பொறியியல் படிச்சிட்டு பொட்டி தட்டுற ஆளு. ஊர்ல சொந்தக்காரங்க எல்லார் வீட்டுலயும் மாடு இருக்கு, அதனால இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் படிச்சேன். மாடு கஷ்டப்பட்டா உடனே டாக்டருக்கு அடிங்க, இல்லைன்னா 1962-க்கு அடிங்க. அந்த நேரத்துல இந்தப் பதிவைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க :-)

மாடு கன்னு போட முடியாம கஷ்டப்பட்டா நம்ம ஊர்ல என்ன காரணம் சொல்வாங்கன்னு கேட்டுப் பாருங்க. "கண்ணு பட்டுருச்சு", "அமாவாசை நேரம்", "டாக்டர் லேட்டா வந்தாரு", "தவிடு அதிகமா வச்சுட்டாங்க". சொல்ற எல்லாக் காரணமும் அன்னிக்கு ராத்திரியைச் சுத்தியே இருக்கும். கொஞ்சம் தாராளமா யோசிக்கிறவங்க கடைசி ஒரு மாசம் வரைக்கும் பின்னாடி போவாங்க. அதுக்கு மேல ஒருத்தரும் போறதில்லை.

என் கட்சி என்னன்னா, பசுவோட கஷ்டப் பிரசவத்துல பாதிக்கு மேல அன்னிக்கு ராத்திரி முடிவாகுற விஷயமே இல்லை. சுமார் 280 நாளைக்கு முன்னாடி, சினை ஊசி போட்ட அஞ்சு நிமிஷத்துலயே முடிவாயிடுது. எந்தக் கிடேரிக்கு, எந்தக் காளையோட விந்து? இந்த ஒரு கேள்வியை நாம கேட்கறதே இல்லை. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஜாதகத்தைத் தூக்கிட்டு மூணு ஜோசியர்கிட்ட போறோம். மாட்டுக்கு ஒரே ஒரு பொருத்தம் போதும், உடம்பு அளவுப் பொருத்தம். அதைப் பார்க்க ஆளில்லை.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். நடுராத்திரி ப்ரொடக்‌ஷன்ல சிஸ்டம் படுத்துடுச்சுன்னா, அந்த நேரத்துல ஷிஃப்ட்ல இருந்தவனைத் திட்டுறது சுலபம். ஆனா தப்பு நடந்தது டிசைன் போட்ட அன்னிக்கு. மாட்டு விஷயத்துல எப்பவும் ஷிஃப்ட்ல இருந்தவனுக்குத்தான் திட்டு விழுது. டிசைனைத் திறந்து பார்க்கிறதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வாசல் சின்னது, கட்டில் பெருசு

கஷ்டப் பிரசவத்தை ரெண்டு வகையாப் பிரிச்சுக்கலாம். ஒண்ணு, கன்னு பெருசா இருக்கும், தாயோட இடுப்பெலும்பு வாசல் சின்னதா இருக்கும். தலையீத்துக் கிடேரிகள்கிட்ட பெரும்பாலும் இதுதான் நடக்குது. இன்னொண்ணு, அளவெல்லாம் சரியா இருந்தாலும் கன்னு திரும்பின வாக்குல சரியில்லாம இருக்கும். ரெண்டு மூணு ஈத்து போட்ட மாடுகள்கிட்ட வர்ற சிக்கல்ல இதோட பங்கு அதிகம்.

தலையீத்துல கஷ்டப்படுற வாய்ப்பு, அடுத்தடுத்த ஈத்துகளைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகம். காரணம் ரொம்பச் சாதாரணம். கிடேரி இன்னும் வளர்ந்து முடிக்கலை. பசுவுக்கு முதல் கன்னு போட்டதுக்கு அப்புறமும் சில வருஷம் இடுப்பெலும்பு வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா கன்னு அதுக்காகக் காத்திருக்காது. கன்னோட பிறப்பு எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு கடைசி மூணு மாசத்துலதான் ஏறுது. அதனால ஏழாம் மாசம் பார்க்கும்போது "மாடு நல்லா இருக்கு"ன்னுதான் தோணும்.

இங்க நாம பண்ற பெரிய தப்பு, வயசைப் பார்த்து ஊசி போடுறது. "பதினாலு மாசம் ஆச்சு, பருவத்துக்கு வந்துடுச்சு, கத்துது, போட்டுடலாம்"னு போயிடுறோம். கத்துறதுக்கும் கன்னு சுமக்கத் தயாரா இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. நல்லாத் தீனி கிடைச்சா சின்ன வயசுலயே பருவத்துக்கு வந்துடும். பார்க்க வேண்டியது எடையை. முழுசா வளர்ந்த மாட்டோட எடையில 60-லிருந்து 65 சதவீதமாவது வந்த பிறகுதான் முதல் ஊசி போடணும். நம்ம பக்கத்து ஜெர்சி கலப்பினத்துக்கு 250 கிலோன்னு வச்சுக்கிட்டா பாதுகாப்பு. கன்னு போடுற சமயத்துல 80-லிருந்து 85 சதவீதத்தைத் தொட்டிருக்கணும்.

"எடைமேடைக்கு எங்க போறது?"ன்னு கேட்பீங்க. தையல்காரர் வச்சிருக்கிற டேப் ஒண்ணு போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை அங்குலம்னு பாருங்க. தோள்பட்டை முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் எத்தனை அங்குலம்னு பாருங்க. நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 660-ஆல வகுங்க. கிலோ கணக்குல எடை வந்துடும். சுத்தளவு 52, நீளம் 45 இருந்தா சுமார் 184 கிலோ, வேண்டாம், இன்னும் காத்திருக்கணும். சுத்தளவு 60, நீளம் 50 இருந்தா சுமார் 272 கிலோ, தாராளமா போடலாம். கிலோ சுத்தமா வராது, கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா "பார்த்தா பெருசாத்தான் இருக்கு" அப்படிங்கிற அளவுகோலைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அப்பா பக்கம்

இப்ப காளை. சுத்தமான ஹோல்ஸ்டீன் கன்னு (நம்ம ஊர்ல எச்.எப். இல்லைன்னா கருப்பு வெள்ளை மாடு) பிறக்கும்போது 40 கிலோ வாக்குல இருக்கும். சுத்தமான ஜெர்சி கன்னு 25 கிலோ வாக்குல இருக்கும். கலப்பினத்துல ரெண்டுக்கும் நடுவுல எங்கேயாவது வந்து நிக்கும். சுலபமா கன்னு போடுறதுல பேர் வாங்கினது ஜெர்சி. தமிழ்நாட்டுல இனப்பெருக்கக் கொள்கையும் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எப்.னுதான் வகுத்திருக்காங்க. வெயில் தாங்குற விஷயம் அதுக்கு முக்கியக் காரணம். ஆனா பிரசவக் கணக்குலயும் அது சரியான முடிவுதான்.

நடைமுறை வேற. எச்.எப். மாடு அதிகமா கறக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால விவசாயியே "கருப்பு வெள்ளை ஊசி போடுங்க"ன்னு கேட்டு வாங்குறாரு. ஊசி போடுறவரும் கையில இருக்கிறதைப் போட்டுட்டுப் போயிடுறாரு. மூணு ஈத்து போட்ட வாட்டசாட்டமான மாட்டுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. சின்ன உடம்புக் கிடேரிக்குப் போட்டா, நாம அதை ஒரு பந்தயத்துல விடுறோம். பந்தயத்துல வைக்கிறது அதோட உயிரை.

ஒரே இனத்துக்குள்ளயும் காளைக்குக் காளை வித்தியாசம் உண்டு. ஒரு காளையோட கன்னுகள் எல்லாம் தலை பெருத்து, தோள் அகலமா வரும். இன்னொரு காளையோட கன்னுகள் ஒல்லியா நீளமா வழுக்கிட்டு வரும். இதைத் தவிர கன்னு ஆணா பொண்ணான்னும் இருக்கு. காளைக்கன்னு பொதுவா ஒண்ணு ரெண்டு கிலோ கூடுதலா இருக்கும், கஷ்டமும் அதுக்கேத்த மாதிரி கூடும். இப்ப பாலினம் பிரிச்ச விந்து கிடைக்குது. பத்துல ஒன்பது கெடேரிக் கன்னாப் பிறக்கும். எல்லாரும் இதை "பொட்டக் கன்னு கிடைக்கும்"ங்கிற லாபத்துக்காகத்தான் பேசுறாங்க. தலையீத்துக் கிடேரிக்கு அது பிரசவத்தையும் கொஞ்சம் சுலபமாக்கும்ங்கிறதை யாரும் பெருசாச் சொல்றதில்லை.

வயித்தைக் காயப்போடும் வைத்தியம்

"கடைசி மாசத்துல தீனியைக் குறைச்சா கன்னு சின்னதா இருக்கும், சுலபமா போட்டுடும்." இந்த வைத்தியம் இன்னும் ஊர்ல உயிரோட இருக்கு. தீனியைக் குறைச்சா கன்னு எடை கொஞ்சம் குறையலாம், ஆனா கஷ்டம் குறையாது. தாய் தன் உடம்பைக் கரைச்சுக் கன்னுக்குக் கொடுத்துடும். முக்குற நேரத்துல அதுகிட்ட தெம்பு இருக்காது, சீம்பால் தரமா இருக்காது, கன்னு சோனியா இருக்கும், அடுத்த சினை தள்ளிப் போகும்.

அதுக்காகக் கொழுக்க வைக்கவும் கூடாது. கொழுத்த மாட்டுக்கு இடுப்பு வழியில உள்பக்கமா கொழுப்பு சேர்ந்து வாசலைச் சுருக்கிடும். விலா எலும்பு லேசாத் தெரியாமத் தெரியற பதம்தான் சரி. பால் வத்தின ரெண்டு மாசமும் ஒரே முளைக்குச்சியில கட்டிப் போடாம தினமும் கொஞ்சம் நடக்க விடணும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. அதிகமா கறக்குற மாடு, மூணாவது ஈத்துக்கு மேல போன மாடு, இவங்களுக்குப் பிரசவ நேரத்துல ரத்தத்துல கால்சியம் சட்டுனு இறங்கும். கால்சியம் இல்லைன்னா கர்ப்பப்பை தசை சுருங்காது. கன்னு சரியான அளவுல, சரியான வாக்குல இருந்தும் தள்ள முடியாம மாடு சும்மா படுத்திருக்கும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. "கால்சியம் குறையுமாமே"ன்னு பால் வத்தின காலத்துல ரெண்டு மாசமும் பாட்டில் பாட்டிலா கால்சியம் டானிக் ஊத்துறாங்க. வெளியிலிருந்து தாராளமா வந்துக்கிட்டே இருந்தா, எலும்புலேர்ந்து கால்சியம் எடுக்கிற உடம்போட சொந்த ஏற்பாடு தூங்கிடும். தேவைப்படுற அன்னிக்கு எழுந்திரிக்காது. வத்தின காலத்துக்குன்னு தாது உப்புக் கலவை எது, எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டுக் கொடுக்கிறதுதான் முறை. ரத்தக்குழாய்ல கால்சியம் ஏத்துறது டாக்டர் வேலை. வேகமா ஏத்தினா இதயமே நின்னுடும்.

பக்கத்துத் தோட்டத்துக் கிடேரி

எங்க பெரியம்மா ஊருக்குப் பொங்கல் லீவுல போயிருந்தப்ப நடந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு ஜெர்சி கலப்பினக் கிடேரி வளர்த்தாரு. அக்கா மகளிர் குழுவுல கடன் எடுத்து, கன்னுக்குட்டியா வாங்கினது. பதினாலு மாசத்துல ஊசி போட்டாங்க. அன்னிக்கு வந்தவர் எச்.எப். குச்சிதான் இருக்குன்னாராம், இவங்களும் சந்தோஷமா தலையாட்டியிருக்காங்க. காளை நம்பர் கேட்கலை, அவரும் எழுதிக் கொடுக்கலை.

ராத்திரி பத்து மணிக்குப் பனிக்குடம் உடைஞ்சது. பன்னெண்டு மணிக்கு ரெண்டு குளம்பு தெரிஞ்சுது, அப்படியே நின்னுடுச்சு. ஒரு மணிக்கு ஊர்ல இருக்கிற நாலு ஆம்பளைங்க வந்து கயிறு கட்டினாங்க. நல்ல மனசோடதான் வந்தாங்க, ஒருத்தரையும் குத்தம் சொல்ல மனசு வரலை. கிடேரி முக்குதா இல்லையான்னு பார்க்காம, எண்ணெய் கூடத் தடவாம, ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டி நேரா இழுத்தாங்க. டாக்டர் வந்து சேரும்போது மணி நாலு. அவரு முப்பது கிலோமீட்டர் தள்ளி வேற ஒரு மாட்டுகிட்ட இருந்திருக்காரு. கன்னு செத்துதான் வந்துச்சு. பெரிய காளைக்கன்னு. கிடேரியோட பின்னங்கால் நரம்பு நசுங்கிப்போய் எழுந்திரிக்கவே இல்லை. வைக்கோல் மெத்தை போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாங்க. ஒன்பதாவது நாள் போயிடுச்சு.

குழுக் கடன் இன்னும் பதினாலு தவணை பாக்கி. அந்த அக்கா வாரா வாரம் கட்டிக்கிட்டிருக்காங்க, இல்லாத மாட்டுக்கு.

துக்கம் விசாரிக்க வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொன்னாங்க. கண் திருஷ்டி, டாக்டர் தாமதம், இழுத்தவங்க கைராசி. அந்தப் பதினாலாவது மாசத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலை. அடுத்த கிடேரிக்கும் அதே மாதிரிதான் நடக்கும்ங்கிறதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

வெளியில எப்படிப் பண்றாங்க?

அமெரிக்காவுல கன்னு போட்டதும் பண்ணைக்காரர் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மதிப்பெண் போட்டு அனுப்புறாரு. ஒண்ணுன்னா தானாவே போட்டுச்சு, மூணுன்னா உதவி தேவைப்பட்டுச்சு, நாலுன்னா பலமா இழுத்தாங்க, அஞ்சுன்னா ரொம்ப ஆபத்து. இந்த மதிப்பெண் எல்லாம் அந்தக் காளையோட கணக்குல சேருது. கடைசியில ஒவ்வொரு காளைக்கும் ஒரு எண் வருது. "இந்தக் காளையோட விந்தைத் தலையீத்துக் கிடேரிக்குப் போட்டா நூத்துக்கு எத்தனை பிரசவம் கஷ்டமாகும்" அப்படிங்கிற எண். பண்ணைக்காரர் அதைப் பார்த்து, குறைஞ்ச எண் இருக்கிற காளையைக் கிடேரிக்கும், மத்ததைப் பெரிய மாட்டுக்கும் வச்சுக்குறாரு.

இதோட இன்னொரு எண்ணும் உண்டு. அந்தக் காளைக்குப் பிறந்த பொண்ணுங்க வளர்ந்து கன்னு போடும்போது எவ்வளவு சுலபமா போடுறாங்கன்னு பார்க்கிறது. ஏன்னா சின்னக் கன்னா பார்த்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தா, அந்தச் சின்னக் கன்னு வளர்ந்து சின்ன இடுப்போட நிக்கும். ஒரு தலைமுறைக்குத் தீர்த்த பிரச்சினை அடுத்த தலைமுறையில திரும்ப வரும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

நார்வேல அவங்க சிவப்பு மாட்டு இனத்துக்கு 1970களோட கடைசியிலேர்ந்தே பாலோட சேர்த்து, சுலபமா கன்னு போடுறதையும் கணக்குல எடுத்துக் காளைகளைப் பொறுக்குறாங்க. அந்த இனம் இன்னிக்கு அதுக்குப் பேர் போனது. இதுக்கு நேர் எதிர் பெல்ஜியன் ப்ளூ. கறிக்காக ரெட்டைச் சதை போடுற மாதிரி தலைமுறை தலைமுறையாத் தேர்ந்தெடுத்தாங்க. இப்ப அந்த இனத்துல பெரும்பாலான கன்னு அறுவை சிகிச்சை பண்ணித்தான் வெளிய வருது. மனுஷன் எதைத் தேர்ந்தெடுக்கிறானோ அது கிடைக்கும். எதைக் கவனிக்காம விடுறானோ அதுவும் சேர்ந்தே வரும்.

நம்ம நாட்டுல? 2019 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 19 கோடிக்கு மேல மாட்டினம் இருக்கு, எருமையைச் சேர்க்காமலே. அதே 2019-ல நாடு தழுவிய செயற்கை முறைக் கருவூட்டல் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. மாட்டுக்குக் காதுல பன்னெண்டு இலக்க எண்ணோட தோடு மாட்டி, ஊசி போட்டது, சினை பிடிச்சது, கன்னு போட்டது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. நமக்கு விந்து வர்ற அலமாதி, ஊட்டி, ஈச்சங்கோட்டை மாதிரி நிலையங்கள்ல ஒவ்வொரு குச்சியிலயும் காளையோட எண் அச்சாகி வருது. அதாவது டேட்டாபேஸ் இருக்கு, ப்ரைமரி கீ இருக்கு. விவசாயி கைக்கு வர வேண்டிய ஒரு ரிப்போர்ட் மட்டும் இல்லை. "இந்தக் காளையோட அம்மா எத்தனை லிட்டர் கறந்துச்சு"ன்னு சொல்ல நம்ம ஊர்ல ஆள் இருக்கு. "இந்தக் காளையோட கன்னு கிடேரிக்குப் பொறக்கும்போது எத்தனை கஷ்டமாச்சு"ன்னு சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கன்னுக்கும் கட்டாயமா ஒரு மதிப்பெண், அது காளை எண்ணோட சேர்ந்து விவசாயியோட போனுக்கு வரணும். இதுக்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களே போதும்.

நாட்டு மாடு கோஷ்டிக்கு

இப்ப பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். "இதுக்குத்தான் நாட்டு மாடு வளருங்கன்னு சொல்றோம்." 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் இந்தக் குரல் பலமாவே கேட்குது. அதுல உண்மை இருக்கு. காங்கேயம் மாட்டுக்குக் கன்னு போட ஆள் துணை தேவைப்படுறது அபூர்வம். கன்னு சின்னது. பல நூறு வருஷமா, போட முடியாதது செத்துப்போய் போட முடிஞ்சது மட்டும் மிஞ்சின பரம்பரை அது. காங்கேயம் மேல எனக்கும் பாசம் உண்டு, கொங்கு நாட்டுக்காரனுக்கு இல்லாமப் போகுமா?

ஆனா காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம். நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர் கறக்குற மாட்டை வச்சு அந்த அக்கா எப்படிக் குழுக் கடன் கட்டுவாங்க? ரெண்டு ஏக்கர் மானாவாரி வச்சிருக்கிறவங்களுக்கு சொசைட்டியில வாரம் வாரம் வர்ற பால் பணம்தான் சம்பளம். அவங்ககிட்ட போய் "கலப்பினம் வேண்டாம்"னு சொல்றது, மாசச் சம்பளம் வாங்குற நமக்கு ரொம்பச் சுலபம். கலப்பினம் குத்தமில்லைங்க. பொருத்தம் பார்க்காத கலப்புதான் குத்தம்.

அன்னிக்கு ராத்திரி

எல்லாம் சரியாப் பண்ணியும் சில நேரம் கஷ்டம் வரும். கன்னு ரெண்டு முன்னங்காலை நீட்டி, அதுமேல தலையை வச்சு, கிணத்துல டைவ் அடிக்கிற மாதிரி வரணும். ஒரு கால் மடங்கியிருக்கலாம், தலை பின்னாடி திரும்பியிருக்கலாம், பின்னங்கால் முதல்ல வரலாம். குளம்போட அடிப்பக்கம் கீழ பார்த்தா பெரும்பாலும் முன்னங்கால், மேல பார்த்தா பெரும்பாலும் பின்னங்கால். இதைப் பார்த்து டாக்டருக்குப் போன்ல சொன்னா அவரு தயாரா வருவாரு. மாடு கொஞ்ச நேரம் வலியெடுத்துட்டு, பனிக்குடமே தெரியாம அமைதியாயிடுச்சுன்னா கர்ப்பப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். எருமையில இது அதிகம், பசுவுலயும் வரும். வலி நின்னுடுச்சுன்னு நிம்மதியாத் தூங்கப் போயிடாதீங்க.

ரெண்டு தப்பு நடக்குது, ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். சிலர் குளம்பு தெரிஞ்ச உடனே இழுக்க ஆரம்பிச்சுடுறாங்க. வழி இன்னும் முழுசாத் திறந்திருக்காது, கிழிஞ்சு போகும். சிலர் விடியட்டும்னு காத்திருக்காங்க. பனிக்குடமோ குளம்போ தெரிஞ்ச பிறகு, ஏற்கெனவே ஈன்ற மாடு அரை மணி நேரம், கிடேரி ஒரு மணி நேரம் முக்கியும் கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லைன்னா போனை எடுங்க. டாக்டர் வர்றதுக்கு நேரம் ஆகும்ங்கிறதையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கங்க. வலி ஆரம்பிச்சதுமே "இன்னிக்கு ராத்திரி தேவைப்படலாம்"னு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறது இன்னும் நல்லது.

இழுக்கணும்னா தெரிஞ்ச ஆள்தான் இழுக்கணும். ரெண்டு பேர் பலத்துக்கு மேல போனாலே தப்பு எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். மாடு முக்கும்போது மட்டும், வழுக்குறதுக்குத் தாராளமா தடவி, ஒரு கால் மாத்தி ஒரு கால். தேர் இழுக்கிற மாதிரி ஊரே சேர்ந்து இழுக்கிற வேலை இல்லை இது.

ஊருக்குப் போன் பண்ணும்போது

நம்மள்ல நிறையப் பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ உட்கார்ந்து ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்றவங்க. "சாப்பிட்டியா, மழை பெய்ஞ்சுதா"க்கு அப்புறம் என்ன பேசுறதுன்னு தெரியாது. இந்த நாலு கேள்வியையும் சேர்த்துக்கங்க.

1. அந்தக் கிடேரி நெஞ்சுச் சுத்தளவு எத்தனை அங்குலம்? நீளம் எத்தனை? (கணக்கை நீங்க போட்டுச் சொல்லுங்க. படிச்ச படிப்புக்கு ஒரு பிரயோஜனம்.)

2. என்ன ஊசி போட்டாங்க, காளை எண் என்ன? இனிமே ஊசி போட்டதும் அந்தக் காலிக் குச்சியையாவது கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்க. முதல் ஈத்துக்கு ஜெர்சிதான்னு அடம் பிடிக்கச் சொல்லுங்க.

3. கன்னு போடுற தேதி எப்போ? ஊசி போட்ட தேதியிலேர்ந்து 280 நாள் கூட்டிக் காலண்டர்ல வட்டம் போட்டாச்சா?

4. அந்த வாரத்துக்கு எந்த டாக்டர், அவர் போன் நம்பர் என்ன? ராத்திரி வர முடியாதுன்னா அடுத்த ஆள் யாரு?

கன்னு போட்டதும் இன்னொண்ணு கேளுங்க. சீம்பால் கொடுத்தாச்சா? நஞ்சுக்கொடி விழுந்தாத்தான் சீம்பால்னு இன்னமும் காத்திருக்கிற வீடுகள் இருக்கு. கஷ்டப்பட்டுப் பிறந்த கன்னு ஏற்கெனவே மூச்சு முட்டி சோர்ந்திருக்கும். அதுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் போகணும். கொடி விழ பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம், கன்னு அதுவரைக்கும் பட்டினி கிடக்கக் கூடாது.

காளை எண்ணைக் கேட்டு வாங்குற விவசாயி ஊருக்கு நாலு பேர் வந்துட்டா, ஊசி போடுறவர் தானா எழுதிக் கொடுப்பாரு. நாப்பது பேர் கேட்டா, துறை மதிப்பெண் கேட்கும். கேட்காத வரைக்கும் நாம திருஷ்டிப் பூசணிக்காய் உடைச்சுக்கிட்டேதான் இருக்கணும்.

உங்க ஊர்ல கஷ்டப் பிரசவத்துக்கு என்ன காரணம் சொல்றாங்க, ஊசி போடுறவர் காளை எண் எழுதித் தர்றாரா, இல்லையான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கால்நடை டாக்டர்கள் யாராச்சும் படிச்சா, நான் விட்டதைச் சேருங்க. கும்மி அடிக்கிறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, இதுல வேண்டாமே.